மாப்ளையோட பள்ளிக்கூடத்துக்கு வெளிநாட்டு ஒரம்பரை

மாப்ளை, பைபாஸ் முக்குல உங்க பள்ளிக்கூடத்துப் பிளெக்ஸ் பாத்தனுங்க. அடேயப்பா! இக்கட்ட சுதந்திர தேவி சிலை, அக்கட்ட ஈபிள் டவரு, நடுவால கோட்டு சூட்டு போட்டுட்டு நீங்க. சித்திரை வெயில்ல அந்தக் கோட்டைப் பாத்து எனக்கே வேர்த்துப் போச்சு. கீழ, ‘சர்வதேச மாணவர் பரிமாற்றத் திட்டம் – அட்மிஷன் நடைபெறுகிறது’ன்னு ஒரே வரியில போட்டிருக்குது. எது எதுக்காகன்னு வெளங்கிப் போச்சுங்க.

குத்தம் சொல்றன்னு நெனச்சுக்காதீங்க. நான் தாய்மாமன். உங்களக் கேலி பேசற பாத்தியதை, மடியில வெச்சுக் காது குத்துன அன்னிக்கே எனக்கு எழுதியாச்சு. அதும் போக, ‘வெளிநாட்டுப் பையனை ஊட்ல வெச்சிருந்தவங்க நீங்க, ஒரு யோசனை சொல்லுங்க மாமா’ன்னு கேட்டது நீங்கதான். சொல்றனுங்க. எல்லாத்தையும் கேட்டுட்டு, பொறவு உங்க இஷ்டப்படியே பண்ணிக்குவீங்க. அதுதானே நம்ம வழக்கம்.

மொதல்ல ஒரு சந்தேகத்தைத் தீத்து வையுங்க. போன வருசம் எட்டாவது, ஒம்பதாவது பிள்ளைகளைச் சிங்கப்பூருக்குக் கூட்டிட்டுப் போனீங்க. சறுக்கு வெளையாட ஒரு நாளு, சிங்கத்தல மீனு சிலைகிட்ட ஒரு நாளு, சாமான் வாங்க ஒரு நாளு. கடைசி நாள் ஒரு பள்ளிக்கூடத்துக் கேட்டுக்கு முன்னால வரிசையா நின்னு போட்டோ. அன்னிக்கு அந்தப் பள்ளிக்கூடத்துக்கு லீவாமுங்க! உள்ள இருந்த ஒரே ஜீவன் வாட்ச்மேன். நோட்டீஸ்ல அதுக்குப் பேரு ‘மாணவர் பரிமாற்றம்’. யாரை யாருக்கு மாத்துனீங்கன்னு நானும் யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன். பிள்ளைகள்லாம் திரும்பி வந்துட்டாங்க, வாட்ச்மேனும் அங்கயேதான் இருக்கறாரு.

கொண்டான் கொடுத்தான்னா என்னன்னு உங்களுக்கு நான் சொல்லோணுமா? எங்கூட்டுப் பொண்ணை உங்கூட்டுக்குக் கொடுத்தம். அன்னையில இருந்து நீங்க வர்றீங்க, நாங்க போறம். பொங்கலுக்குச் சீரு வருது, ஆடி நோம்பிக்கு விருந்து நடக்குது. ஒரு வருசம் கோவத்துல பேச்சு நிக்கிது. ஒரு சாவு விழுந்தா அதே வாசல்ல ஒண்ணா உக்காந்து அழுவறம். ரெண்டு ஊட்டுக் கதவும் தெறந்திருந்தாத்தான் அது சம்பந்தம். ஒரு பக்கம் மட்டும் போயி, பஜ்ஜி சொஜ்ஜி தின்னு, வேடிக்கை பாத்துட்டு வர்றதுக்குப் பேரு பொண்ணு பாக்கறது. நீங்க சிங்கப்பூருல பொண்ணு பாத்துட்டு வந்திருக்கீங்க மாப்ளை. அவ்வளவுதான். இன்னும் கைநனைக்கலை.

பிள்ளைகளை மாத்திக்கற இந்தப் பழக்கம் எப்பிடி வந்துச்சுன்னு பாத்தா இன்னும் வேடிக்கையா இருக்குதுங்க. ஏ.எஃப்.எஸ்.னு ஒரு அமைப்பு. பிள்ளைகளை நாடு விட்டு நாடு அனுப்பறதுல பழந்தின்னு கொட்டை போட்டவங்க. 1915-ல அவங்க பண்ணுனது பள்ளிக்கூட வேலை இல்லை. பிரான்சுப் போர்க்களத்துல அடிபட்டுக் கெடந்தவங்களை ஏத்திட்டு ஓடற ஆம்புலன்ஸ் டிரைவருக வேலை. அமெரிக்க இளவட்டங்க. ரெண்டு உலகப் போரையும் வண்டியோட்டிப் பாத்த பொறவு, ‘இனிமே பையங்களைச் சண்டைக்கு அனுப்பாம, அடுத்த நாட்டுக்காரன் ஊட்டுச் சோத்துக்கு அனுப்பிப் பாக்கலாம்’னு முடிவு பண்ணுனாங்க. 1947-ல பத்து நாட்டுல இருந்து 52 பிள்ளைங்க அமெரிக்காவுக்குப் போனதுதான் தொடக்கம்.

பிரான்சும் ஜெர்மனியும் பண்ணுனதைக் கேளுங்க. 1870-ல ஒண்ணு, 1914-ல ஒண்ணு, 1939-ல ஒண்ணுன்னு, மூணு தலைமுறையா வெட்டிக்கிட்ட பங்காளிக. 1963 ஜனவரி 22-ல பிரான்சுல இருந்து டி கால்னு ஒருத்தர், ஜெர்மனியில இருந்து அடினாவர்னு ஒருத்தர், எழுவத்திரண்டு வயசும் எம்பத்தேழு வயசுமான ரெண்டு கெழவங்க, பாரிசுல எலிசே மாளிகையில உக்காந்து ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டாங்க. அதே வருசம் ஜூலையில, ரெண்டு நாட்டுப் பிள்ளைகளையும் மாத்தி மாத்தி அனுப்பறதுக்குன்னே தனி ஆபீசு தெறந்துட்டாங்க. இதுவரைக்கும் 90 லட்சம் பேருக்கு மேல போய் வந்தாச்சு. கெழவங்க பேச்சைக் கேட்டா நல்லது நடக்கும்கறதுக்கு இதுக்கு மேல என்னங்க சாட்சி வேணும்?

அமெரிக்காக்காரனும் ரெட்டைக் கோபுரம் இடிஞ்ச அடுத்த வருசம், 2002-ல, கென்னடி–லூகர் திட்டம்னு ஒண்ணு ஆரம்பிச்சான். முஸ்லிம் மக்கள் நெறைய இருக்கற நாட்டுப் பிள்ளைகளை ஒரு வருசம் கூப்புட்டு, அவனூட்டு ஆளுகளோட தங்க வெக்கறது. இந்தியாவும் அதுல உண்டு, செலவு அவனுது. ஆக, எல்லாமே பகையில இருந்து மொளைச்ச ஏற்பாடு. நீங்க எந்தப் பகையில ஆரம்பிக்கறீங்கன்னு பாத்தேன். எதுத்தாப்புல புதுசா ஏசி வெச்சுத் தெறந்திருக்கறாங்களே, அந்த இண்டர்நேஷனல் ஸ்கூல் மேல இருக்கற பகைதான். இருக்கட்டும், பகைன்னு ஒண்ணு இருக்குதுல்ல.

சரி, ஆசைப்பட்டுட்டீங்க. மொத வேலை என்ன தெரியுங்களா? கோட்டு தெக்கறது இல்லை. பிள்ளைகளுக்குப் பேரு சரி பண்றது.

சிரிக்காதீங்க. உங்க ஆபீசு பீரோவைத் தெறந்து பத்தாவது பிள்ளைக பேப்பரை எடுத்துப் பாருங்க. டி.சி.யில ‘சு. கார்த்தி’. ஆதார்ல ‘கார்த்திக் சுப்பிரமணி’. பொறப்புச் சர்டிபிகேட்ல பேரே இல்லை, ‘ஆண்’ மட்டும். ஒரே பையன்தான், மூணு அவதாரம். பாஸ்போர்ட்ல குடும்பப் பேருக்குன்னு ஒரு கட்டம் இருக்குது. நமக்கேதுங்க குடும்பப் பேரு? அதைச் சும்மா உட்டா, அமெரிக்க விசாவுல பேருக்கு எடத்துல எஃப்.என்.யூ.ன்னு அடிச்சுருவான். மொதப் பேரு தெரியாதுன்னு அர்த்தமாம். பதினஞ்சு வருசம் வளத்து அனுப்பறோம், அவன் பேரு தெரியாத அனாமத்துன்னு முத்திரை குத்தறான். சரின்னு அந்தக் கட்டத்துல அப்பன் பேரை நெரப்புனா, அங்க வாத்தியாரு ‘மிஸ்டர் சுப்பிரமணி, ஹோம் ஒர்க் எங்க?’ன்னு கேப்பாரு. நம்ம பையன் திரும்பிக்கூடப் பாக்கமாட்டான். எங்கய்யனைத்தானே கேக்கறாங்க, அவரு வந்து பதில் சொல்லட்டும்னு உக்காந்திருப்பான்.

பதினெட்டு ஆகாத பிள்ளைக்குப் பாஸ்போர்ட் எடுக்கப் பொதுவாப் பெத்தவங்க ரெண்டு பேரும் சம்மதிச்சுக் கையெழுத்துப் போடோணும். கோவிச்சுட்டுத் தனித்தனியா இருக்கற புருசன் பொண்டாட்டி நம்மூர்ல எத்தனை பேரு! அவங்களை ஒரே பேப்பர்ல கையெழுத்துப் போட வெக்கறது அந்தப் பாரிசு ஒப்பந்தத்தை விடக் கஷ்டமுங்க. அதனால விசா தேதி நெருங்கறப்பப் பாஸ்போர்ட்டுக்கு ஓடாதீங்க. எட்டாவதுலயே பேரைச் சரிபண்ணி வெச்சுட்டா, பையன் எங்கயும் போகாட்டியும் அவன் பேராவது அவன்கிட்ட இருக்கும்.

அடுத்தது ஊசிக் கணக்கு. அமெரிக்காவுல பள்ளிக்கூடத்துக்குள்ள காலு வெக்கறதுக்கு முன்னாடி போலியோ, தட்டம்மை, ரண ஜன்னின்னு தடுப்பூசிப் பட்டியல் கேப்பாங்க. நம்ம ஆத்தாமாருகிட்டக் கேட்டா, ‘எல்லாம் போட்டாச்சுங்க, அட்டைய எலி கடிச்சிருச்சு’ம்பாங்க. எலி கையெழுத்தை அவன் ஒத்துக்கமாட்டான். இன்னொரு கூத்து: பொறந்தப்பப் போட்ட பிசிஜி ஊசி இருக்குதே, அது போட்ட பிள்ளைக்குத் தோல்ல குத்திப் பாக்கற காசநோய்ச் சோதனை பண்ணுனா, சீக்கு இல்லாமயே வீங்கிக் காட்டும். விவரம் தெரியாட்டிப் பிள்ளையும் பயந்துரும், பெத்தவங்களும் பயந்துருவாங்க. ரத்தத்துல பாக்கற சோதனைல அந்தக் கொழப்பம் இல்லை. இதைச் சொல்லித் தர உங்க பள்ளிக்கூடத்துல ஒரு நர்சம்மா வேணும். இருக்கறாங்களா? பிளெக்ஸ்ல எடமில்லாம உட்டுட்டீங்களோ என்னமோ.

வயசு? பெரும்பாலான திட்டத்துக்குப் பதினஞ்சுல இருந்து பதினெட்டு. நம்ம கணக்குல பத்தாவது, பதினொண்ணு, பன்னண்டு. அந்த வருசங்கள்ல பிள்ளையைப் பொடக்காளிக்குப் போகவே மணி பாத்து உடறவங்க நீங்க. கடல் தாண்ட உடுவீங்களா? பதினொண்ணாவதுக்கு 2017-18-ல பொதுத் தேர்வு கொண்டாந்தாங்க, 2025-26-ல எடுத்துட்டாங்க. அந்த ஒரு வருசம் சந்து கெடைச்சிருக்குது. ஆனா உங்க பள்ளிக்கூடத்துல பதினொண்ணாவதுன்னு ஒரு வகுப்பே கெடையாதே! ஜூன் மாசமே பன்னண்டாவது புஸ்தகத்தைப் பிரிச்சர்றீங்க. இல்லாத வகுப்புல இருந்து பிள்ளையை எப்பிடி மாப்ளை அனுப்புவீங்க?

பள்ளிக்கூட வருசமும் ஒத்து வராது. நமக்கு ஜூன்ல தொடக்கம். ஜப்பான்ல ஏப்ரல். ஆஸ்திரேலியாவுல சனவரிக் கடைசி. ஜெர்மனியில ஆகஸ்டு, செப்டம்பர். எந்த நாட்டுக்குப் போனாலும் இங்கயோ அங்கயோ ஒரு துண்டு ஒட்டாமத்தான் நிக்கும். திரும்பி வந்தவனை எந்த வகுப்புல உக்கார வெக்கறது, வருகைப் பதிவுக்கு என்ன பண்றதுன்னு, பிள்ளை விமானம் ஏறறதுக்கு முன்னாடியே போர்டுகிட்ட எழுத்துல வாங்கி வெச்சுக்கோங்க. வாயில சொன்னது அதிகாரி மாறுனா மாறிப்போகும். ஒரு வருசம் பிந்தும்னா, பிந்தும்னு பெத்தவங்ககிட்டச் சொல்லிப்போடுங்க. உங்களுக்கு வராத வார்த்தைதான். கண்ணாடி முன்னால நின்னு பழகுங்க.

இனிப் போற பிள்ளைக்குப் பயிற்சி. உங்க பயிற்சியை ஜன்னல் வழியா நானும் பாத்தேன். ‘ஹவ் ஆர் யூ?’, ‘ஐயாம் ஃபைன், தேங்க் யூ, சார்!’ நாப்பது பேரும் ஒட்டுக்கா. காய்ச்சல்ல கெடந்த பிள்ளையும் ஃபைன்னுதான் சொல்லுச்சு. அப்பறம் பரதநாட்டியம், திருக்குறள், கரகாட்டம். எல்லாம் சரிங்க. ஆட்டம் முடிஞ்சு ராத்திரி அந்த ஊட்ல சாப்புட்ட தட்டை ஆரு கழுவறது? அவங்கூட்ல ஆளு அம்பு கெடையாது. அப்பன் சமைப்பான், ஆத்தா புல்லு வெட்டுவா, பிள்ளைக தட்டுக் கழுவும். நம்ம பையன் தின்ன தட்டுலயே கையைக் கழுவிட்டு எந்திரிச்சுப் போனா, நாட்டோட தூதுவன் போறான் பாருன்னா சொல்லுவாங்க?

ஜப்பான்ல பிள்ளைகளே வகுப்பறையைக் கூட்டித் தொடைக்கறாங்க. தெனமும் நடக்கற பள்ளிக்கூட வேலையில அதுவும் ஒண்ணு. இங்க அப்பிடிச் சொன்னா, ‘ஃபீசும் கட்டி எம்பையன் கூட்டவும் வேணுமா?’ன்னு காரெடுத்துட்டு வந்துருவாங்க. வராம இருக்க வழி ஒண்ணு இருக்குது. மொத நாள் தொடப்பம் உங்க பையன் கையில இருக்கோணும். ரெண்டாம் நாள் கவுன்சிலர் பையன். ஏழை பாழைப் பிள்ளைய மட்டும் கூட்டச் சொன்னா அது பயிற்சி இல்லைங்க, பழைய பாவம்.

துணி தொவைக்கற மிசினு, ஒரு ரசம் வெக்கத் தெரியறது, பஸ் அட்டவணை படிக்கறது, பணத்தைக் கணக்குப் பண்ணிச் செலவழிக்கறது, ‘எனக்குப் புரியலை’ன்னு கை தூக்கறது. இந்த அஞ்சும் வந்தாப் போதும். கடைசிதான் கஷ்டம். வாத்தியாரைக் கேள்வி கேட்டா வெளிய நிறுத்தற பள்ளிக்கூடத்துல பத்து வருசம் படிச்சவன், ‘நீ என்ன நெனைக்கறே?’ன்னு கேக்கற வகுப்புல போய் உக்காந்தா, பாவம், கையைக் கட்டிட்டு எந்திரிச்சு நிப்பான்.

வர்ற பிள்ளை கதைக்கு வருவோம். அதுலதாங்க நமக்கு அனுபவம். ரோட்டரி சங்கத்து மூலமா ஒரு ஜெர்மன் பையன் வந்தான். பேரு வேண்டாம், இப்பப் பெரிய மனுசனா இருப்பான். அந்தத் திட்டத்துல பிள்ளை ஒரே ஊட்ல கெடக்காது. வருசத்துக்குள்ள ஒரு ஊட்ல இருந்து அடுத்த ஊட்டுக்கு மாறும். தங்கற ஊட்டு ஆளு இல்லாத ஒருத்தரு, பிள்ளைக்குக் கஷ்டம்னா கூப்புடறதுக்குன்னே பொறுப்பா இருப்பாரு. நல்ல ஏற்பாடு. நம்ம கொண்டான் கொடுத்தான்ல மருமகளுக்கு இப்பிடி ஒரு ஆளு வெச்சிருந்தா எத்தனை கண்ணீரு மிச்சம்!

ரோட்டரிக்காரங்க சட்டம் நாலு: குடிக்கக் கூடாது, போதை கூடாது, வண்டி ஓட்டக் கூடாது, காதல் கீதல் கூடாது. மூணாவதைக் கேட்டுட்டு நம்மூர்ப் பொடியனுக பாவப்பட்டானுக. இங்க ஒம்பதாவது படிக்கறவன் தக்காளிக் கூடையோட மொபெட்ல சந்தைக்குப் போறான். ஆறடி ஒசரத்துல மீசை மொளைச்சவன் சைக்கிள்ல வர்றான். நாலாவதுக்கு உங்க பள்ளிக்கூடம் ஏற்கெனவே தயாரா இருக்குது. பசங்களுக்கு ஒரு மாடிப்படி, பொண்ணுகளுக்கு ஒரு மாடிப்படி கட்டி வெச்சிருக்கீங்களே!

உங்கத்தை பட்ட வெசனம் ஒண்ணுதான். பையன் சாயங்காலம் வந்ததும் ரூமுக் கதவைச் சாத்திக்குவான். நம்மூட்ல கதவைச் சாத்துனா ஒண்ணு சீக்கு, இல்லாட்டிச் சண்டை. இவ கதவுகிட்டயே நின்னு, ‘கண்ணு, காபி வேணுமா? தலைவலியா? அம்மா நெனப்பா?’ன்னு தட்டிட்டே இருப்பா. அவனூர்ல கதவைச் சாத்துனாச் சும்மா உக்காந்திருக்கறான்னு அர்த்தமாம். இதை ஆரும் எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லலை. பையனுக்கும் சொல்லலை. ரெண்டு பக்கமும் தெரிஞ்சவங்க ஒரு சாயங்காலம் உக்கார வெச்சுப் பேசியிருந்தாத் தீந்து போற சங்கதி. விருந்து கொடுக்கற குடும்பத்துக்குப் பயிற்சி வேணும்கறது இதுக்குத்தான். பீட்சா செய்யக் கத்துக் குடுக்கறதுக்கு இல்லை.

போலீசு விவகாரத்தையும் மறந்துராதீங்க. வெளிநாட்டு ஆளை ஊட்ல தங்க வெச்சா 24 மணி நேரத்துக்குள்ள அரசாங்கத்துக்குத் தகவல் கொடுக்கோணும். விசா 180 நாளுக்கு மேலன்னா, வந்து எறங்கி 14 நாளுக்குள்ள பதிவு பண்ணோணும். பள்ளிக்கூடமும் தன் பங்குக்குத் தகவல் கொடுக்கோணும். எல்லாம் இப்பக் கம்ப்யூட்டர்லயே முடிஞ்சுருது. ‘டி.எஸ்.பி. நமக்கு வேண்டியவருங்க’ங்கற பேச்சு கம்ப்யூட்டர்ல ஏறாது.

அந்த ஜெர்மன் பையன் போய் வந்த பள்ளிக்கூடத்துப் பேரும் வேண்டாம். மொத நாள் மாலை மரியாதை. ரெண்டாம் நாள் பேப்பர்ல போட்டோ. மூணாம் நாள் விளையாட்டு விழாவுக்கு அவனே சீப் கெஸ்ட். பதினாறு வயசுப் பையன் புறா பறக்க உட்டான்! நாலாம் நாள்ல இருந்து அவனை ஆருக்கும் ஞாபகமில்லை. புஸ்தகம் கெடையாது, வீட்டுப் பாடம் கெடையாது, பரீட்சை கெடையாது. ஆபீசு ரூம்ல ஃபேனுக்குக் கீழ உக்காந்து காலண்டர் படிச்சான். அட்மிஷன் நேரத்துல மட்டும் கேட்டுகிட்ட நிக்கச் சொல்லுவாங்க. அவன் எங்கிட்டக் கேட்டான்: ‘தாத்தா, நான் இங்க என்னவா இருக்கறேன்?’ பிளெக்ஸா இருக்கறே கண்ணுன்னு சொல்ல எனக்கு இங்கிலீஷ் வரலை.

ஆகவே மாப்ளை, வர்ற பிள்ளைக்கு ஒரு கால அட்டவணை, பக்கத்துல உக்கார ஒரு தோழன், எளிமையாத் தமிழ் சொல்லித்தர ஒரு டீச்சர், செய்ய வேலை, தப்புப் பண்ணுனாத் திட்டு. இத்தனையும் கொடுங்க. திட்டுன்னா வாயில. பிரம்பு 2009 கல்வி உரிமைச் சட்டத்துலயே போயிருச்சு, 17-வது பிரிவு. ஆனா உங்க கணக்கு வாத்தியாரு மேசையில இன்னும் இருக்குது; மேப்பு காட்ட வெச்சிருக்கறாராம். கணக்குல என்ன மேப்போ. வெளிநாட்டுப் பையன் வர்றப்ப அதை ஒளிச்சு வெக்காதீங்க, ஒடிச்சு அடுப்புல வையுங்க. நம்ம பிள்ளைகளுக்கும் தோலுதான்.

வர்ற பிள்ளையைத் தங்க வெக்க ஊடு பாக்கறப்ப ஏசி இருக்குதா, காரு இருக்குதான்னு பாக்கறீங்க. அமெரிக்காவுல பிள்ளையைத் தங்க வெக்கற ஊட்ல பதினெட்டு வயசுக்கு மேல இருக்கற அத்தனை பேரோட குற்றப் பின்னணியையும் விசாரிச்சுத்தான் உடுவாங்க. நம்மூர்ல ‘நல்ல குடும்பமுங்க’ங்கற ஒத்தைச் சொல்லோட விசாரணை முடிஞ்சுருது. நல்ல குடும்பத்துலயும் கெட்ட கை இருக்கும். போக்சோ சட்டம் 2012-ல வந்துருச்சு. தெரிஞ்சும் சொல்லாம மறைச்சாப் பள்ளிக்கூடத்துக்காரன் மேலயும் கேசு. வர்ற பிள்ளைக்கும் போற பிள்ளைக்கும் குழந்தைகள் உதவிக்குன்னு இருக்கற 1098-ஐ மாதிரி ஒரு நம்பரு, நடுராத்திரியில எடுக்கற ஒரு ஆளு, பள்ளிக்கூடத்து மானத்தை விடப் பிள்ளை பெருசுன்னு நெனைக்கற ஒரு டீச்சர் வேணும். இதுல மட்டும் நான் கேலி பேசலைங்க.

அப்பறம், ஆரு போறாங்கங்கறது. காசு கட்டறவன் போறான், அதுதானே உங்க தேர்வு? கென்னடி–லூகர் மாதிரி முழுச் செலவும் கொடுக்கற திட்டம் இருக்குது. ஜப்பான்காரன் 2014-ல ஆரம்பிச்ச சகுரா சயின்ஸ் இருக்குது, அறிவியல்ல கெட்டிக்காரப் பிள்ளைக ஒரு வாரம் போலப் போய் வரலாம். பஸ் டிரைவர் மகளுக்கு இந்த விண்ணப்பத்தை எழுதச் சொல்லித்தர ஒரு சனிக்கெழமை ஒதுக்குங்க. கோட்டுப் போட்ட ஏஜெண்டு வந்து ‘எல்லாம் நாங்க பாத்துக்கறோம் சார்’னாக் காபி கொடுத்து அனுப்பிச்சுருங்க. அமெரிக்காவுக்குன்னா, அவங்க வெளியுறவுத் துறை அங்கீகரிச்ச அமைப்புகளோட பட்டியல் இருக்குது; அதுல பேரு இருந்தா மறுபடி கூப்புட்டு ரெண்டாவது காபி கொடுங்க.

எல்லாத்துக்கும் மேல, ஒரு டீச்சரம்மா. உங்க பீரோவுல எத்தனை ஒப்பந்தப் பேப்பரு லேமினேட் பண்ணி வெச்சிருக்கீங்க! அதுல ஒரு பள்ளிக்கூடத்துக்காரியாவது அனுப்புன ஈமெயிலுக்குப் பதில் போட்டீங்களா? போடறதுக்கு ஆளிருந்தாத்தானே. வருசா வருசம் சம்பளம் பத்தாம டீச்சரு போயிர்றாங்க. அவங்களோட பாஸ்வேர்டும் போயிருது. ஜெர்மனிக்காரனுக்குக் காலையில பத்து மணின்னா நமக்கு மத்தியானம் ஒண்ணரை, குளிர்காலத்துல ரெண்டரை. அவன் வகுப்புல உக்காந்து நம்ம பிள்ளைகளைத் திரையில தேடறப்ப, நீங்க அந்த டீச்சரை ஃபீஸ் பாக்கி வசூலுக்கு அனுப்பியிருக்கீங்க. அந்தம்மாளுக்கு ஒழுங்காச் சம்பளம் கொடுத்து அஞ்சு வருசம் வெச்சுக்கோங்க. மொத வருசம் விமானம் வேண்டாம். நம்ம பிள்ளைக நொய்யல் தண்ணியோட நெறத்தை மாசா மாசம் எழுதட்டும். அவன் ஊட்டுப் பிள்ளைக அவன் ஆத்தைப் பத்தி எழுதட்டும். சாயப்பட்டறை மொதலாளிக நெறையப் பேரு உங்க பள்ளிக்கூடத்துப் பெத்தவங்கங்கறதுனால இதுக்கே உங்களுக்குத் தைரியம் பத்தாது. தெரிஞ்சுதான் சொல்றேன்.

ஒண்ணு பாக்கி. அந்த ஜெர்மன் பையனை டீக்கடையில ஒரு பெருசு, ‘நீங்கெல்லாம் அங்க என்ன ஆளுக?’ன்னு கேட்டுச்சு. பையன் ‘ஹாம்பர்க் ஆளுக’ன்னான். அது எந்தக் கூட்டம்னு பெருசு ரொம்ப நேரம் யோசிச்சுது. சிரிச்சுட்டோம். ஆனா அவன் ஒரு நாள் வகுப்புத் தோழன் ஒருத்தன் ஊட்டுக்குப் போயி ராகிக்களி தின்னுட்டு வந்து, ‘அவன் ஏன் யாரு ஊட்டுக்கும் வர்றதில்லை? ஏன் யாரும் அவன் தெருவுக்குப் போறதில்லை?’ன்னு கேட்டப்ப, திண்ணையில இருந்த அத்தனை பேருக்கும் திடீர்னு இருமல் வந்துருச்சு. பள்ளிப் பிள்ளைக கையில சாதிக்கொரு கலர்ல கயிறு கட்டக்கூடாதுன்னு நீதிபதி சந்துரு குழு 2024-ல அறிக்கை கொடுக்கற நெலைமையில நாம இருக்கறோம். ஒரம்பரைப் பையன் கண்ணுக்கு அந்தக் கயிறுதான் மொதல்ல தெரியும். ‘கோயில்ல கட்டுனது’ன்னு எத்தனை நாளைக்குச் சொல்லுவீங்க?

அதனால எம்பட யோசனை இதுதான் மாப்ளை. பிரான்சு, ஜெர்மனி கொஞ்சம் பொறுக்கட்டும். உங்க காம்பவுண்டுக்குப் பின்னால, வாய்க்கால் தாண்டி, அரசாங்கப் பள்ளிக்கூடம் ஒண்ணு இருக்குது. கூப்புடு தூரம். அந்த ஹெட்மாஸ்டரம்மாகிட்டப் பேசி, இந்தப் பொங்கலுக்கு உங்க பிள்ளைக பத்துப் பேரு அந்தப் பிள்ளைக ஊட்ல தங்கட்டும், அந்தப் பத்துப் பேரு உங்க பிள்ளைக ஊட்ல தங்கட்டும். ரெண்டு பக்கமும் பெத்தவங்களைக் கூப்புட்டுப் பேசி, ஊடு விசாரிச்சு, நான் மேல சொன்ன அத்தனை ஏற்பாட்டோடயும்தான். பாஸ்போர்ட் வேண்டாம், விசா வேண்டாம், ஊசி வேண்டாம். மொதப் பையன் உங்க மகன். அவன் போற ஊட்டுப் பையன், உங்கூட்டுக்கு வந்து, உங்க சமையக்கட்டுல உக்காந்து, உங்க தட்டுல சாப்புடோணும். சாப்புட்ட தட்டை உங்க மகன் கழுவோணும்.

இதுக்கு உங்கம்மாகிட்ட நீங்களே அனுமதி வாங்கிட்டு வாங்க. எந்தங்கச்சி எனக்குப் பயப்படுவான்னு நெனச்சு என்னைக் கூப்புடாதீங்க. அவகிட்டப் பேச எனக்கே பயம். சென்னையில அமெரிக்கத் துணைத் தூதரகத்துல கண்ணாடிக்குப் பின்னால உக்காந்து கேள்வி கேக்கற அதிகாரி ரெண்டு நிமிசத்துல உட்டுருவாரு. உங்கம்மா உடமாட்டா. அவகிட்ட மட்டும் நீங்க பாஸாயிட்டு வாங்க, ஹாம்பர்க்குக்குக் கடுதாசி நான் போடறேன்.